ஒரு படி சாமையும் என் மோட்டார் இன்ஷூரன்ஸும்

யுத்தம் முடிந்த மறு வருஷம், இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் மோட்டார் ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. காளப்பநாயக்கன்பட்டியில் அப்போது என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. நிலக்கடலை விற்ற காசில், ஊரை விட்டுப் போன ஒரு டாக்டரிடம் வாங்கியது. கொல்லிமலைக்கு மேலே மோட்டார் போக ரோடு கிடையாது. அடிவாரத்தில் நாலு ஊருக்குத்தான் ஓடும்.

சந்தை நாளில் மலைமேல் குண்டனி நாட்டிலிருந்து நாலைந்து பேர் மூட்டையோடு இறங்கி வருவார்கள். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு நான் எப்படியும் போகிறவன் என்பதால் அவர்களையும் ஏற்றிக்கொள்வேன். அவர்களில் முழங்கால் வீங்கிய ஒரு அம்மாள் உண்டு. மலை இறங்கிய காலோடு அதற்கு மேல் நடப்பது அவருக்குப் பெரும்பாடு. வண்டி இல்லாவிட்டால் அடிவாரத்து வியாபாரி சொன்ன விலைக்கு மிளகைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை. ஆனால் ஏறும்போதே ஆளுக்கு ஒரு படி சாமையோ, ஒரு கை மிளகோ முன் சீட்டில் வைத்துவிடுவார்கள். வெறுங்கையோடு இன்னொருவர் வண்டியில் ஏறுவது அவர்களுக்கு வழக்கமில்லை.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு சேந்தமங்கலத்தில் ஒரு மளிகைக் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார். புது ஆளிடம் எனக்குப் பேச்சு வராது. அவர் கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னேன், சாமை உட்பட. உடனே பேனாவை நிறுத்திவிட்டு, அப்படியானால் இது வாடகை வண்டி என்றார். சொந்த வண்டிக்குக் கட்டுவதைப் போல இரண்டு பங்கு கட்ட வேண்டுமாம்.

பொறுமையாகத்தான் விளக்கினார். எல்லோரும் கட்டுவது ஒரே பெட்டிக்குப் போகிறது. எந்த ஊரில் எவன் யார் மேல் மோதினாலும் அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாடகை வண்டி அதிகம் ஓடும், அதிகம் பேரை ஏற்றும், அதிகம் மோதும். அதனால் அதற்கு அதிக ரேட்டு. சேலத்தில் எவனோ மோதியதற்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று நெஞ்சுக்குள் எரிந்தது. வாயில் வந்தது இவ்வளவுதான்.

"என் வண்டி ஒரு கோழி மேலகூட ஏறுனதில்லீங்க."

"கோழி மேல ஏறாத வண்டிக்குத்தானுங்க இந்த ரேட்டு. ஏறியிருந்தா இன்னும் கூடும்."

கடைக்காரர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. யாரிடமும் எதுவும் வாங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் பாதி குறையும் என்றார் ஏஜெண்டு. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த சந்தையன்று அந்த அம்மாள் சாமையை வைக்க வந்தபோது, வேண்டாம் என்று கையால் மறித்தேன். கம்பெனி, சட்டம், கையெழுத்து என்று விளக்கியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சாமையைத் திரும்ப மூட்டைக்குள் கொட்டினார்.

"சும்மா ஏறிட்டு வர நாங்க என்ன பிச்சைக்காரங்களா சாமி?"

மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். அவர்களைத் தாண்டிப் போக மனசு வராமல், காலி வண்டியை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டே போனேன். மூன்று இடத்தில் அவர் உட்கார்ந்து எழுந்தார். பாதி வழியில் எஞ்சின் கொதித்து நின்றது. பேளுக்குறிச்சிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மிளகு வாங்குகிறவர்கள் வண்டி கட்டிக் கிளம்பிவிட்டார்களாம்.

மறுநாளே போய், வாடகை வண்டி என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன். கூடுதலாகக் கட்டுகிறேன் என்று தானாக வந்து நிற்கிற ஆளை ஏஜெண்டு அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. ஆனாலும் ஒரு அணா குறைக்கவில்லை. வருஷம் பூராவும் சாமைச் சோறே தின்றாலும் இது கட்டுப்படியாகாது என்றாள் என் வீட்டுக்காரி. அவள் சொன்னது சரிதான்.

அடுத்த சந்தை நாளில் வண்டிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் நேராக வந்து சாமையை வைத்தார். நான் தடுக்கவில்லை. வீங்கிய காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போன வாரம் என் மேல என்ன கோவம் சாமி உனக்கு?"

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வண்டியைக் கிளப்பினேன்.