கஞ்சியில் விழுந்த மால்ட்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பீர் கம்பெனியின் சோதனைச்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. தெருவில் அப்பா சொன்னது வேறு: "பொண்ணு சத்துமாவு கம்பெனிக்குப் போவுது." காஞ்சிபுரத்தில் எங்களுடையது பட்டுத்தறிக் குடும்பம். எதிர்வீட்டுக்காரர் தன் அக்கா மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார். பீர் என்று தெரிந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்று அப்பாவுக்குப் பயம். எனக்கு எரிச்சலாக வரும்.

கம்பெனியில் எங்களுக்குப் பயிற்சி தந்தவர் ஒரு ஜெர்மன்காரர். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூடான காற்றில் உலர்த்தினால் மால்ட். அதை அரைத்துப் பதமான வெந்நீரில் கரைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். அந்தச் சாற்றில் கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் புளிக்க ஈஸ்ட் சேர்க்க வேண்டும். தண்ணீரோடு சேர்த்து நாலே பொருள். ஐந்தாவதாக எதைப் போட்டாலும் அவருக்கு ஆகாது. இங்கே செலவைக் குறைக்க அரிசியும் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்குக் காட்டலாம் என்று கொஞ்சம் மால்ட் மாவு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை தெருவில் எங்கள் தறிக்கான பாவை, நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளை, விரித்தார்கள். நெய்வதற்கு முன் அந்தப் பட்டு இழைகளுக்கு அரிசிக் கஞ்சி தடவி விறைப்பாக்க வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த கஞ்சி பதம் போதாது என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. கெட்டியாகட்டும் என்று என் மாவில் ஒரு பிடி அள்ளிக் கலந்துவிட்டாள்.

அப்பா பானையில் கைவிட்டார். கஞ்சி தண்ணீராக வழிந்தது. பாவு பிடிக்க வந்திருந்த எதிர்வீட்டுக்காரர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"இன்னாமா இது, இனிக்குது?"

"பொண்ணு கொண்டாந்த சத்துமாவு போட்டேண்ணே," என்றாள் அம்மா.

"சத்துமாவுன்னா கெட்டியால்ல ஆவணும்?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். பாடத்தில் சொன்னபடியே, மால்ட் பட்டு அரிசியின் மாவுச்சத்தும் சர்க்கரையாகிக் கரைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பொய் சொன்னவர் அப்பா, அவரே சமாளிக்கட்டும்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். "சத்துமாவு இல்லப்பா. பீர் காய்ச்சற மாவு. என் பொண்ணு பீர் கம்பெனிலதான் வேல செய்துக்கினு இருக்குது. ஒரு பிடி மாவு ஒரு பானைக் கஞ்சிய தண்ணியாக்கிடுச்சு பாரு. அது ஏன்னு நம்ம தெருவுல என் பொண்ணுக்கு மட்டும்தான் தெரியும்."

எதிர்வீட்டுக்காரர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். பிறகு, "வேற கஞ்சி வைக்கச் சொல்லு, வெயில் ஏறுது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாவைப் பிடிக்கப் போனார். சம்பந்தப் பேச்சை அவர் அதற்குப்பின் எடுக்கவே இல்லை. அம்மாவுக்கு அதில் ரொம்ப நாள் வருத்தம். எனக்கில்லை.

அடுத்த வரன் வீட்டார் வந்தபோது, பெண் எங்கே வேலை செய்கிறாள் என்று அவர்கள் கேட்குமுன்பே அப்பா சொல்லிவிட்டார்.