வெறியில்லாத குதிரை

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் யாருக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என் தம்பி மட்டும் குதிரை வாங்கும்போது வரவில்லை. விற்க வேண்டி வந்ததும் ஓடி வந்தான்.

மகள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக்கு அவளைக் குதிரையில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும், சனம் வாயைப் பிளந்து பார்க்க வேண்டும். அதுதான் அவன் திட்டம். வாடகைக் குதிரை என்றால் கௌரவக் குறைச்சலாம். எங்கோ நாட்டுப்புறத்தில் ஒரு வெள்ளைக்காரரிடம் வெல்ஷ் இனத்து மட்டக்குதிரை ஒன்றை வாங்கினான். அந்த மனிதர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "நோன் டெபூரே" என்று சொல்லியிருக்கிறார். இன்னும் பழக்கவில்லை, யாரும் ஏறியதில்லை என்று அர்த்தம். தம்பிக்கு அதில் 'பூரே' மட்டும்தான் தெரியும். பதினைந்து வருடமாக உணவகத்தில் கோப்பை கழுவுகிறான், குடிவெறியில் தள்ளாடும் ஆட்களை அங்கே அந்தச் சொல்லால்தான் திட்டுவார்கள். ஆகவே 'வெறியில்லை' என்று விளங்கிக்கொண்டு, அமைதியான குதிரை என்று காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தான். குதிரை எங்கே போய்க் குடிக்கும் என்று யோசிக்கிற அளவுக்குக்கூட அவனுடைய மூளை வேலை செய்யவில்லை.

பொண்டியில், அவன் வீட்டு வளவில், முதுகில் ஒரு போர்வையைப் போட்டதுமே அது உதைத்து வேலியை உடைத்தது. மகள் மண்டபத்துக்குக் காரில் போனாள்.

ஆயிரம் யூரோவுக்கு வாங்கியதை இரண்டாயிரம் என்று விளம்பரத்தில் போடச் சொன்னான். ஆறு மாதம் வைக்கோல் தின்றிருக்கிறதாம், அதைவிட அது இங்கிலாந்துச் சாமானாம். வேல்ஸ் வேறு, இங்கிலாந்து வேறு என்று சொல்ல வாயெடுத்து, வீண் வேலை என்று விட்டுவிட்டேன். தின்னத் தின்ன விலை ஏறுமென்றால் தம்பியே நல்ல விலைக்குப் போயிருப்பான். எண்ணூறு என்று எழுதி, "நோன் டெபூரே" என்பதைப் பெரிய எழுத்தில் போட்டேன்.

கார்ஜ் லே கொனெஸிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கும் மகள், அவருக்கும் அடுத்த மாதம் சாமத்திய வீடு. எங்கள் இருவரோடும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து கைபேசியில் விளம்பரத்தைத் திறந்து, வெறியில்லாத குதிரை என்று போட்டிருப்பது தனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது என்றார். மடையர்களுக்கென்று தனியாக ஓர் அகராதி இருக்கிறதுபோல. தம்பிக்கு அதற்குள் சரியான அர்த்தம் தெரியும். தெரிந்தும், சொல்லிவிடாதே என்று மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான்.

"அண்ணை, அந்தச் சொல்லுக்குக் கருத்து அது இல்லை," என்றேன். "ஒருத்தரும் ஏறிப் பழகாத குதிரை. பிள்ளையை விழுத்திப்போடும்."

அவர் தேநீரைக் கலக்கினார். "அப்ப விலையைக் கொஞ்சம் பாத்துப் போடுங்கோவன், தங்கச்சி."

தம்பி உடனே இருநூறு குறைத்தான். ஐந்து நிமிடம் ஏற்றி வைத்து, படம் எடுத்ததும் இறக்கிவிடலாம் என்று இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். தம்பியைத் திரும்பிப் பார்த்தேன்.

"உன்ரை மகளை நீ இதிலை ஏத்துவியோ?"

"எனக்கென்ன விசரோ?" என்றான்.

கார்ஜ்காரருக்கும் அது நன்றாகக் கேட்டது. இன்னும் நூறு குறைக்கச் சொன்னார். ஐந்நூறுக்குத் தம்பி சரி என்றான்.

குதிரையின் பதிவுப் பத்திரம் என் பெயரில் இருந்தது. விற்பதற்காக ஓடி வந்தபோது, அதை நிரப்பக்கூட அவனுக்குத் தெரியாததால் என் பெயரிலேயே பதிந்த வினை அது. பத்திரத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். எந்த விலைக்கும் இவருக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தேநீர்க் காசையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த கிழமை, குதிரை பழக்குகிற ஒரு பெண் நானூறு தந்து அதைக் கொண்டுபோனார். அவ்வளவையும் தம்பியிடம் கொடுத்தேன். அக்கா தன்னை நூறு யூரோ ஏமாற்றிவிட்டாள் என்று அவன் லா சப்பல் முழுக்கச் சொல்லித் திரிகிறான்.