குப்புறப் படுத்தவள்

என் இடுப்பு வலிக்கு எந்தத் தேகப்பயிற்சி ஏற்றது என்று முடிவு செய்ய எங்கள் வீட்டில் ஒரு சபையே கூடியது. மாமனார், அத்தை, கொழுந்தன், என் வீட்டுக்காரர். இவர்களில் ஆண்பிள்ளைகள் மூன்று பேரும் ஒரு நாற்றைக்கூடக் குனிந்து ஊன்றி அறியாதவர்கள். அத்தை ஒரு காலத்தில் நட்டவர்தான். நான் மருமகளாக வந்த மறு நடவிலேயே வரப்பேறிக் கையை நீட்டி வேலை சொல்ல ஆரம்பித்துவிட்டார். இடுப்பு என்னுடையது, ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

யுத்த காலம் அது. குச்சனூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு போகம் நெல் விளைகிற பூமி. ஒரு நடவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த நடவு வந்து நிற்கும். ஆனி நடவில் காலையில் சேற்றில் குனிந்தேன், சாயங்காலம் நிமிர முடியவில்லை. வரப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து அத்தை சொன்னது இதுதான்:

"ஐப்பசி நடவுக்கு எறங்குவியா, மாட்டியா? மாட்டேன்னா ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரு. என் தம்பி மக சும்மாத்தேன் இருக்கா."

அதாவது ஐப்பசிக்குள் என் இடுப்பு சரியாக வேண்டும். இல்லையென்றால் என் இடத்தில் தம்பி மகள். இதைக் கேட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாராவாரம் தேனிச் சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவர். ஒரு தைலக் குப்பி வாங்கி வந்தாரா? வாயைத் திறந்து வலிக்குதா என்று கேட்டாரா? நல்ல மனுஷர், நல்ல மனுஷர் என்று ஊரே சொல்லும்.

மாமனாரின் யோசனை ஆட்டுரல். "உக்காந்து ஆட்டு. இடுப்பு தானா எளகும்" என்றார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் தோசை கண்ட வீட்டில் என் வைத்தியத்தின் பேரில் அடிக்கடி அரிசி ஊறியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினேன், அவர் சப்புக்கொட்டிக்கொண்டு சாப்பிட்டார். என் இடுப்பு இளகவில்லை, அவர் வயிறு நன்றாக வளர்ந்தது.

அடுத்து மிதி வைத்தியம். பிறக்கும்போது கால் முதலில் வெளிவந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படிப் பிறந்தவர் யார் என்று ஊரெல்லாம் விசாரித்தார்கள். கடைசியில் பார்த்தால் அத்தையே கால் முதலில் வந்து விழுந்தவராம். என் கிரகத்தை என்ன சொல்ல! வாசல்படியில் என்னைக் குனிய வைத்து அத்தை உதைத்தார். வைத்தியம் என்ற பெயரில் மருமகளை உதைக்கக் கிடைத்த பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த திருப்தியைக் கோவிலுக்குப் போய்விட்டு வருகிறபோதுகூட நான் பார்த்ததில்லை.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவன் கொழுந்தன். பட்டாளத்தில் சேரப்போய் நெஞ்சளவு போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவன். பெரியகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர் வேலை கிடைத்தது. சனிக்கிழமை வந்தால் காக்கி டிராயரும் கழுத்தில் விசிலுமாக வந்து இறங்குவான். வீட்டில் விசில் எதற்கு? எருமைகூட அவனைத் திரும்பிப் பார்க்காது.

"மதினி, முட்டி மடங்காம குனிஞ்சு கால் கட்டை விரலைத் தொடணும். காலையிலயும் சாயங்காலமும் செய்யுங்க."

"நாள் பூரா வயக்காட்டுல அதத்தேன் செய்றேன் தம்பி. அதுலதேன் வலியே வந்துச்சு."

"அது வேலை மதினி. இது எக்ஸர்சைஸ்."

சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டான். படித்தவன் சொல்கிறான் என்று சபை தலையாட்டியது. நானும் குனிந்து தொலைத்தேன். ஒவ்வொரு தடவையும் இடுப்பில் கடப்பாரையைச் செருகினாற்போல இருந்தது. ஐப்பசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

என்னைக் காப்பாற்றியது புளி கட்டி வந்த காகிதம். எனக்குக் கொஞ்சம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். மருமகள் படிப்பதை அந்த வீட்டில் யாரும் விரும்பமாட்டார்கள் என்பதால், மத்தியானத்தில் வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய், குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் படிப்பேன். ஒரு நாள் படித்துவிட்டு எழுந்தபோது காலுக்கு இறங்கிக்கொண்டிருந்த வலி இடுப்போடு நின்றிருந்தது. மறுநாளும் அப்படியே. பிறகு படிக்கக் காகிதம் இல்லாதபோதும் போய்ப் படுத்தேன். முன்பக்கமாகவே வளைந்து வளைந்து நொந்துபோன இடுப்புக்குப் பின்பக்கம் வளைவது பிடித்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு விசில் தேவைப்படவில்லை.

அத்தை பார்த்துவிட்டார்.

"அடி குடிகெடுத்தவளே! வாழ வந்த வீட்டுல குப்புறப் படுக்கிறியா? வீடு வெளங்குமா?" என்று தெருவே கூடும்படி கத்தினார். பெண் குப்புறப் படுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது ஒரு சாஸ்திரம். இப்பிடிப் படுத்தா வலி விட்டுப்போகுது அத்தை, நடவுக்கு இறங்கிருவேன் என்று கெஞ்சினேன். யார் கேட்டார்கள்? மகளைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி என் அய்யாவுக்கு ஆள் போனது.

அய்யா கம்பத்துப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குச் சனிக்கிழமை, கொழுந்தனும் இருந்தான். "நான் சொன்னதை மதினி ஒழுங்காச் செய்யலை மாமா. இந்தா, இம்புட்டுத்தேன் எக்ஸர்சைஸ்" என்று கூடத்தின் நடுவில் நின்று, விறைப்பாகக் கையைத் தூக்கி, சடக்கென்று குனிந்தான்.

குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். விசில் தரையைப் பார்த்துத் தொங்கியது. "ஆத்தே... ஆத்தாடி..." என்றான். நிமிரவும் இல்லை, விரலைத் தொடவும் இல்லை.

பாயில் கிடத்தினார்கள். மல்லாந்தால் அலறினான். ஒருக்களித்தால் அலறினான். உருண்டு உருண்டு கடைசியில் தானாகவே குப்புறப் படுத்து, "அப்பாடா" என்றான். அத்தை விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"படுய்யா. அப்பிடியே படு."

"குடி கெட்டுராதா அத்தை?" என்று கேட்டேன்.

"அவன் ஆம்பளை. அவனுக்கென்ன?"

இதற்கெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு நின்றது என் வீட்டுக்காரரைப் பார்த்தபோது. அவர் அடுப்படிக்குள் ஓடினார். பூண்டைத் தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சினார். சூடு பதமாக இருக்கிறதா என்று தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு தம்பிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "இங்கனயா? இங்கனயா வலிக்கு?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தார். ஆனியிலிருந்து நான் அதே வீட்டில் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன். அவருக்கு எண்ணெய் காய்ச்சத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வலியைவிட அது வலித்தது. என் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டினேன்.

"இரு, அவன் எந்திரிக்கட்டும், பேசிக்கிருவோம்" என்றார் மாமனார். நான் மூட்டையைத் தோளில் போட்டேன். வீட்டுக்காரர் எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து பார்த்தார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

வண்டியில் வைக்கோல் பரப்பியிருந்தது. ஏறியதும் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றிக்கொண்டேன். தெரு முழுக்கப் பார்த்தது.

"ஆத்தா, பாக்குறவுக என்ன நெனப்பாக?" என்றார் அய்யா.

"நெனைக்கட்டும். வலி போகுதுய்யா."

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. அய்யா மெதுவாகக் கேட்டார்.

"ஐப்பசி நடவுக்குக் கூப்பிட்டு ஆள் விட்டாகன்னா?"

"அதுக்குள்ள இடுப்பு சரியாயிரும், நட்டுருவேன். ஆனா ஆள் விட வேண்டாம். எண்ணெய் காய்ச்சுனவுகளே வரட்டும். வந்து, எங்கன வலிக்குன்னு ஒரு தடவ கேக்கட்டும்."

அய்யா மேடு பள்ளம் பார்த்து மாட்டை மெதுவாக ஓட்டினார்.