மகள் இரண்டாம் முறை விழுந்த மாலை

ஞாயிறு மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அதே நொடியில் பஜார் நடுவே ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

மகள் பஜாரில் ஆடுவதைப் பார்க்க வரமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டு, பழக்கடை வாழைத்தார்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

ஒரு வருடத்துக்கு முன் கல்லூரி விழா மேடையில் அவள் வழுக்கி விழுந்தாள். ஒன்பது நொடி வீடியோ. யாரோ அதில் சிரிப்புச் சத்தம் சேர்த்து அனுப்ப, எங்கள் சுரங்கக் குடியிருப்பின் எல்லா பிளாக் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விட்டது. மைன்ஸ் கேன்டீனில் என்னிடமே ஒருவர் காட்டிச் சிரித்தார், அவள் என் மகள் என்று தெரியாமல். அதற்குப் பிறகு அவள் வீட்டில்கூட ஆடவில்லை.

தோழிகள்தான் ஃபிளாஷ் மாபுக்கு இழுத்தார்கள். அறிவிப்பே இல்லாமல் பொது இடத்தில் கூடி, ஆடி, கலைந்துவிடுவது. எதற்கு என்று கேட்டேன்.

"பஜார்ல ஒரு பொண்ணு அஞ்சு நிமிஷம் சும்மா நின்னாலே, எந்த பிளாக்கும்மா, யார் பொண்ணுன்னு கேக்கறாங்கப்பா. எங்களுக்கும் அங்க நிக்கணும்."

"ஊரே படம் எடுக்குமே."

"எடுக்கட்டும். ஆனா மறுபடி சொதப்பினா, அதோட நான் ஆடவே மாட்டேன்."

அவள் கொண்டுபோனது எங்கள் வீட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர். தினமும் காலையில் என் போனிலிருந்து பக்திப்பாட்டு ஓடுவதும் அதில்தான். பக்கத்தில் போய் நின்றால் அது என் போனோடும் சேர்ந்துகொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை. பதற்றத்தில் அழைப்பைத் துண்டிப்பதற்குப் பதில் எடுத்துவிட்டேன். பேசியவர் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர், என் ஷிஃப்ட்காரர். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் குரல் ஸ்பீக்கரில் பஜார் முழுக்கக் கேட்டது.

"யோவ், எங்கய்யா ஒளிஞ்சினு நிக்கிற? வண்டி வுட எடமே இல்ல. பொண்ணு ஆட ஆரம்பிச்சிடுச்சா? போன வாட்டி மாதிரி வுழுந்து கிழுந்து வெக்கப் போவுது!"

கூட்டம் சிரித்தது. "டேய், அந்த வீடியோ பொண்ணுடா" என்றான் ஒருவன். போன்கள் உயர்ந்தன. மகள் வாழைத்தார்களுக்கு இடையில் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் சிவந்தது. அழுதுகொண்டே ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் விழுந்தாள். வேண்டுமென்றே, அந்த வீடியோவில் விழுந்த அதே மாதிரி, இடது கால் சறுக்க, இரண்டு கைகளும் காற்றைப் பிடிக்க. சாலையில் உட்கார்ந்தபடியே தாளம் போட்டுக் கைதட்டினாள். ஒரு தோழிக்குப் புரிந்தது, அவளும் விழுந்தாள். பிறகு ஆட வந்த பதினோரு பேரும். எழுந்தார்கள், சுற்றினார்கள், மறுபடி சேர்ந்து விழுந்தார்கள். பாட்டே இல்லை. காய்கறி வாங்க வந்த பெண்கள் பைகளைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். பழக்கடை அம்மா தராசுத் தட்டைத் தட்டினார். முதலில் சிரித்தவர்களும் தட்டினார்கள். எந்த பிளாக் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் ஒளிந்திருப்பதை மறந்து முன்னால் வந்து, கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடி முடித்து அவள் என்னிடம் வந்தபோது முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்குள் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தார்.

"இன்னாய்யா, போன்ல ஒரே சத்தம், ஒண்ணும் கேக்கல. முடிஞ்சிடுச்சா?"

"நான் விழுந்துட்டேன் மாமா" என்று மகள் மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"அய்யய்யோ, நான் பாக்கலியே! இன்னொரு வாட்டி வுழேம்மா."