‘ஆமா’ ஜெயசிங்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த புதிது. கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளைக் கணக்கெடுக்கும் ஜெயசிங்கிடம் ஆளுக்கொரு ‘ஆமா’ இருந்தது. மேஸ்திரிக்கு மூக்கால் ஒன்று, “ஆமண்ணாச்சீ.” கிளியரிங் ஏஜெண்டுக்கு இடுப்பை வளைத்து, “யெஸ் சார், யெஸ் சார்.” மழை வரும் என்கிற லாரி டிரைவருக்கு, “அதான பாத்தேன்.” வராது என்கிற அடுத்த டிரைவருக்கும் அதே “அதான பாத்தேன்”, குரல் மட்டும் கொஞ்சம் கனக்கும். அவன் வாயில் ‘இல்ல’ வந்து கேட்டவர் யாருமில்லை.

அப்படித்தான் வாத்தியார் வேலை பார்க்கும் சித்தப்பா ஞானையா சாத்தான்குளத்தில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசிவிட்டு வந்து சொன்னபோதும், “சரிதான் சித்தப்பா” என்றுவிட்டான். வில்லங்கம் என்னவென்றால், அதற்கு முன்பே நர்ஸ் ஜீவமணி, “என்னக் கெட்டிக்கிடுதியளா?” என்று கேட்டதற்கும் ஆமா சொல்லியிருந்தான். பிறந்ததில் இருந்து மனசறிந்து சொன்ன ஆமா அது ஒன்றுதான்.

கிறிஸ்தவக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறும் குருவானவர் மாப்பிள்ளை, பெண் பெயர்களை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்பார். மூன்றும் தாண்டினால் கல்யாணம்தான். முதல் இரண்டு ஞாயிறும் ஜெயசிங் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜீவமணி அவனை மறித்தாள். அவன் குரலிலேயே, “அதான பாத்தேன்” என்று இழுத்துவிட்டுச் சொன்னாள்: “வார ஞாயித்துக்கெழமையும் வாய மூடிட்டு இருந்தியன்னா, எனக்குச் சொன்னதும் லாரிக்காரனுக்குச் சொன்ன ஆமாதான்.”

மூன்றாம் ஞாயிறு, ஆட்சேபணை உண்டா என்று கேட்டதுமே ஜெயசிங் எழுந்துவிட்டான். குருவானவர் சிரித்தார். “மாப்பிள்ள எந்திரிக்க வேண்டாம்பா, உக்காரு.”

“சரிங்கய்யா,” என்று உட்கார்ந்தான்.

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்றார்கள். அங்கேதான் ஜீவமணியும் இருந்தாள். அவள் பாட்டுப் புத்தகத்தை மூடிய சத்தம் மட்டும் படாரென்று வந்தது. ஜெயசிங் மறுபடி எழுந்தான்.

“இல்லங்கய்யா.” அது மேஸ்திரிக்கான குரலுமில்லை, ஏஜெண்டுக்கான குரலுமில்லை. அவனுக்கே புதுசாக இருந்தது. “எனக்கு ஆட்சேபண உண்டு. நான் ஜீவமணிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். சாத்தாங்குளத்துக்கு நானே போயி மன்னிப்புக் கேக்கேன்.”

சித்தப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். “ஏலே, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா?”

“ஆமா சித்தப்பா,” என்றான் ஜெயசிங், பழக்கதோஷத்தில். ஆனால் உட்காரவில்லை.