கதவைத் திறந்ததும் நின்றுபோன படம்

போன வருடம் தீபாவளி முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். நான் மலேசியாவில், மாசாய் என்ற ஊரில் குடியிருக்கிறேன். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். கடைசி வரிசையில் ஜன்னலோரம் என் இடம். ஏறும்போது ஒரு தலையசைப்பு, இறங்கும்போது ஒரு தலையசைப்பு. பல வருடங்களாக அந்த வேனில் என் பேச்சு அவ்வளவுதான். எனக்குக் கூச்சம் அதிகம். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சரிசெய்து முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள்.

அந்தச் சமயம் வேனில் ஒரு ஆங்கிலப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. ஐந்து சாகச வீரர்கள் கொண்ட ஒரு குழுவின் பழைய கதையைப் புது டைரக்டர் ஒருவர் மாற்றி எடுத்திருந்தார். வீரர்களுக்குச் சீருடை கிடையாது, சாதாரணச் சட்டைதான். எல்லாருக்கும் வயதாகியிருந்தது. முன்னோட்டத்தில், குழுவிலேயே அதிகம் பேசாத வீரன் எதிரியின் கோட்டைக் கதவைத் தன் கையாலேயே திறந்துவிடுகிறான்.

“கெடுத்துட்டான்லா டைரக்டரு” என்றார் ஸ்டோரில் வேலை பார்க்கும் இளைஞர்.

“அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியல? துரோகிதான் அவன். இந்த அமுக்குணிங்கள நம்பவே கூடாது” என்றாள் பேக்கிங் பிரிவுப் பெண்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அமுக்குணி என்னுடைய ஆள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கதை கார்ட்டூனாகத் தொலைக்காட்சியில் வந்தது. பள்ளியில் ஓய்வு நேரத்தில் ஐந்து பேராகப் பிரிந்து விளையாடுவோம். பறக்கிறவனாகவும் நெருப்பை அடக்குகிறவனாகவும் இருக்க அடிதடி நடக்கும். வெகுதூரத்துச் சத்தத்தையும் கேட்கக்கூடிய, வாய் திறக்காத அந்த வீரனை யாரும் கேட்க மாட்டார்கள். அவன் எனக்கு வருவான். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். சும்மா நின்றாலே போதும் என்ற வீரன் வேறு யார் இருக்கிறான்?

இணையத்தில் ரசிகர்கள் அந்த டைரக்டரைத் திட்டி எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தேன். எனக்கும் கோபம்தான். ஆனால் அதைவிட, அவன் ஏன் கதவைத் திறந்தான் என்ற கேள்விதான் குடைந்தது. அமுக்குணி என்ற வார்த்தை வேறு உறுத்தியது. பேசாதவன் உள்ளே எதையோ வைத்திருக்கிறான் என்று நினைப்பது சுலபம். இந்த வேனில் என்னைப் பற்றியும் அப்படித்தான் நினைக்கிறார்களோ?

சனிக்கிழமை மதியம் படத்துக்குப் போய்வருகிறேன் என்றதும் என் மனைவி கையில் இருந்த கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

“நீங்களா? தனியாவா? டிக்கெட் கேக்கறதுக்காவது வாயத் தொறப்பீங்களா?”

நல்லவேளை, டிக்கெட்டைக் கைப்பேசியிலேயே வாங்கியிருந்தேன்.

அரங்கில் கொஞ்சம் பேர்தான். குறை கண்டுபிடிக்கவே போனவன் நான். ஆனாலும் படம் என்னை மெல்ல இழுத்துக்கொண்டது. அந்த வீரன் கதவருகே போனான். திறந்தான். திரும்பி நம்மைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். திரை அப்படியே இருண்டுவிட்டது.

“அலமாக்!” என்று முன்னால் யாரோ எரிச்சலில் கத்தினார்கள். விளக்குகள் எரிந்தன. ஊழியர் ஒருவர் ஓடிவந்து “மெசின் ரோசாக்”, பழுதாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு, வேறு நாள் வந்து பார்க்க ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார்.

மறுநாள் முழுவதும் கைப்பேசியைத் தொடவே பயமாக இருந்தது. முடிவு கண்ணில் பட்டுவிட்டால்?

“படத்துல யாராச்சும் செத்துட்டாங்களா, இப்படி உக்காந்திருக்கீங்க?” என்றாள் மனைவி.

“அதுதான் தெரியல” என்றேன்.

திங்கட்கிழமை வேன் கிளம்பியதும் ஸ்டோர்காரர் ஆரம்பித்தார். “நேத்து பாத்துட்டோம்லா! கடைசில அந்தக் கதவுக்குப் பின்னால…”

“வேணாம்! சொல்லாதீங்க!”

கத்தியது நான்தான். டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். “ஐயோ, என்னண்ணே! ஏதோ மோட்டார் சைக்கிள இடிச்சிட்டேன்னு நெனச்சேன்!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பேக்கிங் பெண்தான் முதலில் கேட்டாள். “அண்ணே, நீங்க இந்தப் படமெல்லாம் பாப்பீங்களா? எதுவரைக்கும் பாத்தீங்க?”

“கதவைத் தொறக்கறவரைக்கும். மெசின் நின்னுடுச்சு.”

“அடப்பாவமே! சரி, சொல்லுங்க. அவன் துரோகியா இல்லையா?”

நான் சொன்னேன். அவன் தேவையில்லாமல் எதுவும் செய்கிறவன் இல்லை என்றேன். உள்ளே அடைபட்ட யாருடைய குரலோ கேட்டிருக்கும், அதனால்தான் திறந்திருப்பான் என்றேன். பழைய கார்ட்டூனைச் சொன்னேன், பள்ளி விளையாட்டைச் சொன்னேன். தொழிற்சாலை வாசல் வந்தும் யாரும் இறங்கவில்லை. அந்த வாரம் முழுவதும் தினம் ஒரு ஊகம் சொன்னேன். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே தவிர, ஒருவரும் முடிவை வெளியே விடவில்லை. அடுத்த சனிக்கிழமை ஸ்டோர்காரர், பேக்கிங் பெண், டிரைவர் மூன்று பேரும் என்னோடு அரங்குக்கு வந்தார்கள்.

“நாங்க படம் பாக்க வரலண்ணே. உங்க மூஞ்சியப் பாக்க வந்தோம்” என்றாள் அந்தப் பெண்.

அவன் துரோகி இல்லை. ஆனால் என் ஊகம் ஒன்றுகூடச் சரியில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து அவனுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எதுவுமே கேட்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல்தான் திறந்தான். பயந்துபோய், ஒருநாளும் யாரையும் கூப்பிடாதவன், மற்ற நால்வரையும் பேர்சொல்லிக் கூப்பிட்டான்.

“எப்படிண்ணே?” என்று இரண்டு பக்கமிருந்தும் கேட்டார்கள்.

“இவன் என்னோட ஆளு இல்ல” என்றேன். கொஞ்சம் யோசித்து, “ஆனா இவனையும் பிடிச்சிருக்கு” என்றேன். சீருடையை எடுத்ததற்காக அந்த டைரக்டர் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

அந்தப் படம் முதல் நாளே ஒழுங்காக ஓடி முடிந்திருந்தால், குறைகளையெல்லாம் மனதுக்குள்ளேயே சொல்லிவிட்டு, திங்கட்கிழமை ஒரு தலையசைப்போடு அதே ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருப்பேன் என்று இப்போதும் வேன் ஏறும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.