டிரையர் குழாயில் கொசுவலை

மூன்று வாரமாக எங்கள் ஒரகடம் லேடீஸ் ஹாஸ்டலில் டிரையர் சூடாகிறது, துணி மட்டும் காய்வதில்லை. வெளியே விடாத மழை. திருநெல்வேலியிலிருந்து வந்த செல்வி, ஈர யூனிஃபார்மோடு ஷிஃப்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

பராமரிப்பு சூப்பர்வைசரிடம், "சூடான காற்று வெளியே போகும் குழாயைப் பாருங்கள்" என்று வார்டனான நான் நான்கு முறை சொன்னேன்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல மேடம். பொண்ணுங்கதான் துணியத் திணிச்சிகினு கீதுங்க."

அதையே நோட்டீஸாக எழுதி, கையெழுத்துப் போட்டு, வரவேற்பறையில் ஒட்டி, டிரையர் அறையையும் பூட்டினார்.

இன்று மழை விட்டதும் வெளிச்சுவரோரம் ஸ்டூல் போட்டு நானே ஏறிப் பார்த்தேன். குழாய் வாயில் கொசுவலை. அதற்குள் தலையணை கனத்துக்கு நீலப் பஞ்சு, அத்தனையும் யூனிஃபார்ம் உதிர்த்தது.

"யார் கட்டியது?" என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான்தான் மேடம். எலி பூந்துடக் கூடாதுன்னு..."

வலையைப் பஞ்சோடு அவிழ்த்து வந்து, நோட்டீஸில் அவர் கையெழுத்துக்கு நேர் கீழே மாட்டினேன்.

"எடுத்துடுங்க மேடம், ஓனர் வர்றாரு."

"அதனால்தான் மாட்டினேன்."

போர்வையோடு எழுந்து வந்து பார்த்த செல்வி, "சூப்பர்வைசர் சட்டையையும் நனைச்சுப் போட்டு ஒரு ஷிஃப்டு பாக்கச் சொல்வோமா மேடம்?" என்றாள்.

ஓனர் நான்கு மணிக்கு வருகிறார். அவருடைய நாற்காலியை நோட்டீஸுக்கு எதிரே போட்டிருக்கிறேன்.

செல்வி சொன்னதை மறுக்க நல்ல காரணம் ஏதும் தோன்றினால் எழுதுங்கள். அவசரமில்லை.